தோல் திடீர்னு மாறுனா வீட்லயே எப்படி பாக்கறது, எப்ப கொண்டு போய் காட்டறது

நான் டாக்டர் இல்லங்க. சேலம் அஸ்தம்பட்டி பக்கம் சின்னதா ஒரு பியூட்டி பார்லர் வச்சிருக்கேன், 17 வருஷமா அடுத்தவங்க கழுத்து, கண்ணிமை, நகக்கண்ணு, குதிகால்னு ஒரு அடி தூரத்துல வச்சு பாத்துக்கிட்டு இருக்கறவ. வீட்டு ஆளுங்க கூட அவ்வளவு கிட்டக்க பாக்க மாட்டாங்க, அதுக்காகத்தான் இத எழுதறேன். உள்ளுக்குள்ள எங்கயோ கேன்சர் இருந்தா சில பேருக்கு அது முதல்ல தோல்லதான் தெரியும், வலி வரதுக்கு முன்னாடி, கட்டி கைக்கு தட்டுப்படறதுக்கு முன்னாடியே. நிறைய பேருக்கு இல்ல, கொஞ்ச பேருக்குத்தான். அந்த கொஞ்ச பேர்ல எங்க பெரியம்மாவும் ஒருத்தங்க.

பெரியம்மா ஏற்காட்டுல நாகலூர் பக்கம், எஸ்டேட்ல காபிப்பழம் பறிக்கற வேலை. எங்க வீட்டு கல்யாணத்துக்கு கீழ இறங்கி வந்தாங்க, த்ரெட்டிங் பண்ணலாம்னு நாற்காலில சாய வச்சா ரெண்டு மேல் இமையும் லேசா உப்பி, கத்திரிப்பூ கலருக்கும் கருப்புக்கும் நடுவுல ஒரு நிறமா இருக்கு. தூக்கம் இல்லாத கருவளையம்னு நெனச்சேன், கன்சீலர் போட்டு மறைச்சு விட்டேன். கைக்கு மெனிக்யூர் பண்றப்ப பாத்தா விரல் முட்டி ஒவ்வொண்ணு மேலயும் துவரம்பருப்ப ஒட்ட வச்ச மாதிரி தட்டையா தடிப்பு, நகத்தடியில இருக்கற தோல் பிசிறு பிசிறா, செவந்து, குச்சிய வச்சு லேசா தள்ளுனதுக்கே "மெதுவா கண்ணு, சுள்ளுங்குது"ன்னாங்க. காபி பறிக்கற கை அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். கல்யாணத்தன்னிக்கு காலையில கை தூக்கி ஜடை பின்ன முடியலைன்னு சொன்னாங்க, அதயும் நான்தான் பின்னி விட்டேன், அப்பக்கூட எனக்கு உறைக்கல. இமை, முட்டி, நகம், தோள் நாலயும் ஒரே நாள்ல தொட்டுப் பாத்தவ நான். நாலையும் சேத்துப் பாக்கத் தெரியல.

அப்பறம் மூணு மாசம் மெடிக்கல்ல குடுத்த க்ரீம், அலர்ஜி மாத்திரை, வேப்பிலை, மஞ்சள் எல்லாம் ஓடுச்சு. கடைசியா பஸ் படில கால் தூக்கி வைக்க முடியாம ரெண்டு பேர் பிடிச்சு ஏத்த வேண்டியதாச்சுன்னு கேள்விப்பட்டதும் சேலத்துல ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு தோலப் பாத்துட்டு முதல்ல கேட்டது என்ன தெரியுமா, "தலை நீங்களே சீவிக்கறீங்களாம்மா? குத்துக்கால் போட்டு உக்காந்தா புடிமானம் இல்லாம எந்திரிக்க முடியுதா?" அவ்வளவுதான். வியாதி பேரு டெர்மடோமயோசைடிஸ். தோலும் தசையும் சேந்து பாதிக்கறது. பெரியவங்களுக்கு இது வந்தா சுமாரா 5 பேர்ல ஒருத்தருக்கு உள்ள கேன்சர் இருக்க வாய்ப்பிருக்கு, அதனால தேடிப் பாத்தே ஆகணும்னாரு. தேடுனாங்க. சினைப்பையில இருந்துச்சு.

அன்னிக்கு அவரு எனக்கு சொல்லிக் குடுத்ததும், அதுக்கப்பறம் நான் படிச்சு, கேட்டு, பாத்து கத்துக்கிட்டதும்தான் இனிமே வரது.

மொதல்ல மூணு கேள்வி

கலர பாத்து பயப்படாதீங்க, கலர பாத்து நிம்மதியும் ஆகாதீங்க. எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு வேகமா ஏறுச்சு, கூட வேற என்ன மாறியிருக்கு, இந்த மூணுக்கும் பதில் எடுங்க. சின்ன வயசுல இருந்து இருக்கற கருப்பு வேற, தீபாவளிக்கு இல்லாதது பொங்கலுக்கு வந்து நிக்கறது வேற. கூட மாறுறதுன்னா, டயட் இல்லாம வெயிட் குறையறது, ஜாக்கெட் லூசாகறது, சாப்பாடு இறங்காதது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடறது, ராத்திரி துணி நனையற அளவுக்கு வேர்வை, நாள்பட்ட இருமல், மலத்துல ரத்தம் இல்லன்னா தார் மாதிரி கருப்பா போறது, மாதவிலக்கு நின்னவங்களுக்கு மறுபடி ரத்தம் படறது, கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டறது. தோல் மாற்றத்தோட இதுல ஒண்ணு சேந்தாலும் க்ரீம் போடற வேலைய விட்டுட்டு டாக்டர்கிட்ட போகணும்.

எப்படி பாக்கறது

காலையில 9 மணிக்கு மேல, வாசல்லயோ மொட்டை மாடியிலயோ நிழல்ல உக்கார வச்சு பாருங்க. டியூப்லைட் வெளிச்சத்துல நம்ம ஊர் நிறத்துக்கு செவப்பும் கத்திரிப்பூ கலரும் தெரியவே தெரியாது, எல்லாம் கருப்பாத்தான் தெரியும். புத்தகத்துல போட்டோ பாத்துட்டு "அந்த மாதிரி செவப்பா இல்லையே"ன்னு நினைக்காதீங்க, அதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க தோல்ல எடுத்தது. மாநிறத்துல செவப்புங்கறது காபித்தூள் கலர்லயோ சாம்பல் கலந்த கருப்பாவோ இருக்கும். அதனால கண்ண விட விரல நம்புங்க. தடிச்சிருக்கா, சொரசொரன்னு இருக்கா, வெல்வெட் மாதிரி இருக்கா, சூடா இருக்கா, அழுத்துனா வலிக்குதான்னு தொட்டுப் பாருங்க. முன்னாடி நாள் மஞ்சள், பவுடர், மருதாணி, நெய்ல் பாலிஷ் எதுவும் வேண்டாம்.

போன்ல போட்டோ எடுங்க, தேதியோட. ஆனா ஒரு விஷயம், இப்ப வர போன் எல்லாம் தானாவே மூஞ்ச வழவழன்னு ஆக்கிடுது, பியூட்டி மோட ஆஃப் பண்ணிட்டு பின்பக்க கேமராவுல எடுங்க, பக்கத்துல ஒரு ரூபா காயின் வச்சா அளவு தெரியும். ஒரே இடத்த பத்து நாளைக்கு ஒருதடவ எடுத்தீங்கன்னா வேகம் என்னன்னு டாக்டருக்கு கண்ணால காட்டிடலாம், நம்ம "கொஞ்ச நாளா"ன்னு சொல்றத விட அது நூறு மடங்கு மேல்.

கழுத்து, அக்குள், உள்ளங்கை

பார்லருக்கு வரவங்கள்ல பாதிப் பேரு கழுத்து கருப்புக்குத்தான் பிளீச் கேக்கறாங்க. இதுல பயத்த முதல்ல இறக்கி வச்சுடறேன், கழுத்துலயும் அக்குள்லயும் வெல்வெட் மாதிரி வர கருப்பு ரொம்ப ரொம்ப பெரும்பாலும் இன்சுலின் சரியா வேலை செய்யாததால வரது. உடம்பு எடை, சர்க்கரை, பெண் பிள்ளைங்களுக்கு பிசிஓடி. தேச்சாலும் போகாது, அழுக்கு இல்ல அது. ஸ்கூல் போற புள்ளைய "கழுத்த ஒழுங்கா தேச்சு குளி"ன்னு திட்டாதீங்க, ஒருதடவ சர்க்கரையும் எச்பிஏ1சியும் (மூணு மாச சர்க்கரையோட சராசரி) பாருங்க. இப்ப யாரு பிளீச் கேட்டாலும் நான் அதத்தான் முதல்ல சொல்றேன், ரெண்டு கஸ்டமர் கோவிச்சுக்கிட்டு போயிட்டாங்க, பரவால்ல.

சந்தேகப்பட்டு பாக்க வேண்டியது இப்படி இருந்தா. ஒல்லியான ஆளு, 40 வயசுக்கு மேல, சர்க்கரை இல்ல, சில மாசத்துக்குள்ள கழுத்தும் அக்குளும் வேகமா கருத்து தடிக்குது, அரிக்குது, உதட்டோரம் வாய்க்குள்ள கூட சொரசொரப்பு வருது, வெயிட்டும் குறையுது. அப்ப உள்ளங்கைய திருப்பிப் பாருங்க. ஆட்டு போட்டி வாங்கி கழுவியிருப்பீங்கல்ல, அதோட உள்பக்கம் துண்டு மாதிரி சொரசொரன்னு வரிவரியா இருக்கும் பாருங்க, உள்ளங்கை தோல் அப்படி தடிச்சு, ரேகையெல்லாம் ஆழமா வெட்டுன மாதிரி ஆகும். டாக்டருங்களும் அதே பேர்லதான் சொல்றாங்க, போட்டி உள்ளங்கைன்னு. கழுத்து கருப்போட இது சேந்து வந்தா முதல்ல இரைப்பையத்தான் சந்தேகப்படுவாங்க, உள்ளங்கை மட்டும்னா நுரையீரல. கூலி வேலை செய்யற கை காய்ச்சுப் போறது வேற, அது மண்வெட்டி புடிக்கற இடத்துல மட்டும் கட்டியா இருக்கும், இது கை முழுக்க.

இமை, விரல் முட்டி, தசை

இதுக்கு வீட்லயே மூணு பரீட்சை. கைய தலைக்கு மேல தூக்கி சீப்பு புடிச்சு ஒரு நிமிஷம் தலை சீவ சொல்லுங்க. தரையில சம்மணம் போட்டு உக்காந்து கை ஊணாம எந்திரிக்க சொல்லுங்க, மூட்டு வலி இருக்கறவங்களுக்கு இது சரிப்படாது, அவங்கள நாற்காலியில இருந்து எந்திரிக்க சொல்லுங்க. நாலு படி ஏறச் சொல்லுங்க. வலியால முடியலையா, பலம் இல்லாம முடியலையான்னு கேளுங்க, ரெண்டும் வேற வேற. பலம் இல்லாம முடியல, கூடவே இமை வீங்கி நிறம் மாறியிருக்கு, விரல் முட்டி மேல தடிப்பு இருக்குன்னா தள்ளிப் போடவே கூடாது. முட்டிக்கு முட்டி நடுவுல இருக்கற சதைப்பகுதிய விட முட்டி மேலயே தடிப்பு இருக்கான்னு பாருங்க. நகக்கண்ணு செவந்து பிசிறடிச்சிருக்கறது, முதுகுல ஜாக்கெட் கழுத்து அளவுக்கு கருக்கறது, பொடுகு மருந்துக்கு அடங்காத தலை அரிப்பு இதெல்லாமும் சேரும். முழுங்கறப்ப பொறை ஏறுதுன்னாலோ மூச்சு வாங்குதுன்னாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி.

டாக்டர் ரத்தத்துல சிகே பாப்பாரு, தசைல இருந்து கசியற என்சைம் அது. வியாதி உறுதியானா கேன்சர் தேடற வேலைய நீங்களே வாய் விட்டு கேளுங்க, "பெரியவங்களுக்கு வந்தா உள்ள தேடணும்னு சொல்றாங்களே சார், என்னென்ன பாக்கணும்?" நெஞ்சு வயிறு இடுப்பு சிடி ஸ்கேன், பெண்களுக்கு மார்பு மேமோகிராம், சினைப்பை, கருப்பைவாய், அதோட மூக்குக்குப் பின்னாடி தொண்டை மேல்பக்கம், இது கிழக்கு, தென்கிழக்கு ஆசியாக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம்னு சொல்றாங்க. ஒருதடவ பாத்து ஒண்ணும் இல்லன்னா முடிஞ்சுதுன்னு இல்ல, முதல் வருஷம்தான் ரிஸ்க் அதிகம், ஆனா மூணு வருஷத்துக்காவது விட்டு விட்டு பாக்கணும். 5 பேர்ல 4 பேருக்கு கேன்சர் இருக்காது, அவங்களுக்கு தோலுக்கும் தசைக்கும் மட்டும் வைத்தியம், அதயும் மறந்துடாதீங்க.

அரிப்பு, ஆனா தோல்ல ஒண்ணுமே இல்ல

ஏற்காட்டு குளிருக்கு சுடுதண்ணில குளிச்சு குளிச்சு தோல் வறண்டு அரிக்கறது சகஜம், தேங்காய் எண்ணெய் தடவுனா ரெண்டு வாரத்துல அடங்கும். ராத்திரி வீட்ல எல்லாருக்கும் அரிக்குது, விரலிடுக்குல பொரிபொரியா இருக்குன்னா சொறி, எல்லாரும் சேந்து மருந்து போடணும். இது ரெண்டும் இல்லாம, சொறிஞ்ச தடம் தவிர வேற எதுவுமே தோல்ல இல்லாம, 6 வாரத்துக்கு மேல உடம்பு முழுக்க அரிச்சா உள்ள காரணம் தேடணும். காரணம் பெரும்பாலும் ரத்தசோகை, தைராய்டு, கிட்னி, கல்லீரல்னு இருக்கும். கொஞ்ச பேருக்கு லிம்போமா, அதாவது நெறிக்கட்டியில வர கேன்சர், கூடவே ராத்திரி வேர்வை, காய்ச்சல், எடை குறையறது. குளிச்சு முடிச்சதும் ஊசி குத்தற மாதிரி அரிச்சா ரத்த அணு அதிகமாகற ஒரு வியாதி இருக்கு, அதயும் நினைப்பாங்க. கண்ணு மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, மலம் வெளுத்து அரிச்சா பித்தநாளம் அடைச்சிருக்கு, கல்லாவும் இருக்கலாம், கணையத்துல கட்டியாவும் இருக்கலாம், கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து வாரக்கணக்குல காத்திருக்காதீங்க, ஸ்கேன் பண்ணுங்க. மத்தபடி கேட்டு எடுக்க வேண்டியது சிபிசி (ரத்த அணுக்கள் கணக்கு), இஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டறது), கல்லீரல், கிட்னி, தைராய்டு, சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே. பெருசா செலவு இல்லாத டெஸ்டுங்கதான்.

வயசானப்பறம் கால் தோல் திடீர்னு மீன் செதில் மாதிரி ஆனாலும் இதே மாதிரி உள்ள காரணம் தேடணும். பிறவியில இருந்து அப்படி இருக்கறவங்க பயப்பட வேண்டாம்.

நகம்

ரெண்டு கையிலயும் ஒரே விரல எடுத்து, நகமும் நகமும் முதுகோட முதுகு ஒட்டற மாதிரி வைங்க. நடுவுல சின்னதா வைர வடிவத்துல ஓட்டை தெரியணும், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா நல்லா தெரியும். அது இல்லாம அடைச்சிருந்தா, நகம் கிளி மூக்கு மாதிரி வளைஞ்சு விரல் நுனி முரசு குச்சி மாதிரி உருண்டிருந்தா நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும். தென்னாப்பிரிக்காவுல ஷாம்ரோத்னு ஒரு இதய டாக்டர் தனக்கே வியாதி வந்தப்ப தன் விரல்லயே பாத்து சொன்னது இது, 1976ல. நுரையீரல் கேன்சர்ல வரும், ஆனா நாள்பட்ட சளி, பிறவி இதயக்கோளாறு, கல்லீரல் வியாதியிலயும் வரும், சில குடும்பத்துல பரம்பரையாவே இருக்கும். பீடி, சிகரெட் புடிக்கறவரா இருந்து இந்த மாற்றம் புதுசா வந்ததுன்னா தள்ளிப் போடாதீங்க.

யாரும் காட்டத் தயங்கற இடம்

மார்க்காம்பு. ஒரு பக்கம் மட்டும் அரிச்சு, செதில் உதிந்து, கசிஞ்சு, பொருக்கு கட்டி, ஆறுற மாதிரி ஆறி மறுபடி வந்தா அது எக்ஸிமான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. பேஜெட்னு ஒரு இங்கிலாந்து சர்ஜன் 1874லயே எழுதி வச்சுட்டுப் போனது, அந்தப் புண்ணு வந்தவங்களுக்கு பின்னாடி மார்புக்குள்ள கேன்சர் வந்துச்சுன்னு. ரெண்டு பக்கமும் அரிச்சா பெரும்பாலும் எக்ஸிமா, ஒரு பக்கம்னா, ரெண்டு மூணு வாரத்துல ஆறலைன்னா, சர்ஜன்கிட்ட காட்டி சின்னதா தோல் எடுத்து டெஸ்ட் பண்ண சொல்லுங்க. வாக்ஸிங்குக்கு வர அக்காங்க சில பேரு தயங்கித் தயங்கி என்கிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க, வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லாம. நான் கூடவே ஆஸ்பத்திரிக்கு போயிருக்கேன். பொம்பளை டாக்டர் வேணும்னு ஓபி சீட்டு போடற இடத்துலயே கேக்கலாம், தப்பே இல்ல.

தொப்புள்ளயும் கை வச்சுப் பாருங்க. புதுசா கெட்டியா ஒரு கட்டி, புண்ணு, ரத்தம் கசிஞ்சா அது வயித்துக்குள்ள இருந்து பரவி வந்ததா இருக்கலாம். இதுக்கு சிஸ்டர் மேரி ஜோசப் கட்டின்னு பேரு, அமெரிக்காவுல வில்லியம் மேயோங்கற சர்ஜனுக்கு உதவியா இருந்த கன்னியாஸ்திரி நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னாடி வயித்த சுத்தம் பண்றப்ப, தொப்புள்ள கட்டி இருக்கறவங்களுக்கு உள்ள கேன்சர் பரவியிருக்குன்னு அந்தம்மா கைதான் முதல்ல கண்டுபிடிச்சுது. எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது, தோல தினமும் தொடற யாருக்கும் அது சாத்தியம்தான்.

இன்னும் சிலது

முதுகுல நெஞ்சுல மெழுகு ஒட்டுன மாதிரி கருப்பு மரு வயசானா எல்லாருக்கும் வரும், ஆனா சில வாரத்துக்குள்ள டஜன் கணக்குல அரிப்போட முளைச்சா காட்டுங்க, அத சுண்ணாம்பு வச்சு சுட்டுக்காதீங்க. புகையிலை, பான் போடறவங்களுக்கு மூக்கு நுனி, காது மடல், விரல் நுனில சொரியாசிஸ் மாதிரி செதில் வந்து மருந்துக்கு கேக்கலைன்னா வாயும் தொண்டையும் பாக்கணும், வாய் முழுசா தெறக்க முடியுதா, மூணு விரல் உள்ள போகுதான்னு அப்படியே பாத்துடுங்க. உதடெல்லாம் வெந்து பொருக்கு தட்டி, சாப்பிடவே முடியாத வாய்ப்புண்ணு வாரக்கணக்குல ஆறாம இருந்தா அத வெறும் பி காம்ப்ளக்ஸ் குறைச்சல்னு விட்டுடாதீங்க, காட்டுங்க. கால்ல ரத்தக்குழாய், நாம நரம்புன்னு சொல்றது, கயிறு மாதிரி கெட்டியாகி வலிச்சு, அது சரியாகி இன்னொரு காலுக்கோ கைக்கோ மாறுனா, பிரான்ஸ்ல ட்ரூசோன்னு ஒரு டாக்டர் 1865ல சொன்னது அது, கேன்சரோட வரும்னு. அவருக்கே அது வந்து, 1867ல வயித்து கேன்சர்ல இறந்தாரு.

செய்யவே கூடாதது

மெடிக்கல்ல பேரு சொல்லாம வாங்கற ஸ்டீராய்டு கலந்த க்ரீம். தடிப்பு அமுங்கும், டாக்டர் பாக்கறப்ப அடையாளமே கலைஞ்சிருக்கும், தோலும் மெலிஞ்சுடும். எங்க பெரியம்மாவுக்கு மூணு மாசம் போனது அதுலதான். ஏற்கனவே போட்டிருந்தா மறைக்காம அந்த ட்யூப எடுத்துட்டுப் போங்க, சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் கூட. மாத்திரையாலயும் தோல் மாறும்.

எங்க போறது

சேலத்துல அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நாம ஜிஹெச்னு சொல்றது, அங்க தோல் ஓபி இருக்கு. மலையில இருந்து வரவங்க காலையில முதல் பஸ் புடிச்சு இறங்குங்க, 20 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வரும்னு சாப்பிடாம வருவாங்க, அப்பறம் க்யூல மயங்கி நிப்பாங்க, கையில ரெண்டு இட்லி கட்டிக்கோங்க. ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூணும் எடுத்துக்கோங்க, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் அதுல இருக்கு, கேன்சர் வைத்தியமும் சேரும். எங்க போறதுன்னே தெரியலைன்னா 104க்கு போன் போட்டு கேளுங்க. டாக்டர்கிட்ட "அரிப்புங்க"ன்னு ஒத்த வார்த்தையில முடிக்காதீங்க. எப்ப ஆரம்பிச்சுது, என்னென்ன போட்டோம், எடை எவ்வளவு குறைஞ்சுது, எது செய்ய முடியல, நாலு வரி துண்டுச்சீட்டுல எழுதி குடுங்க. "இது எதனால வந்துச்சு டாக்டர்"ன்னு கண்டிப்பா ஒருதடவ கேளுங்க.

வைத்தியம் முடிஞ்சப்பறமும்

ஹெலன் கர்த்னு ஒரு தோல் டாக்டரம்மா 1976ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, உள்ள இருக்கற கேன்சரும் வெளிய இருக்கற தோல் மாற்றமும் ஒண்ணாப் போகுதான்னு பாக்கணும், கேன்சர் அடங்குனா தோலும் தெளியும், திரும்ப வந்தா தோலும் திரும்பும். எல்லாருக்கும் அச்சு பிசகாம நடக்காது. பெரியம்மாவுக்கு நடந்துச்சு. ஆபரேஷன், கீமோ முடிஞ்சு கொஞ்ச மாசத்துல விரல் முட்டி தெளிஞ்சு, தலைய தானே பின்னிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலையில போன், "கண்ணு, முட்டி மறுபடி கருக்குது, தை மாசம்தான் செக்கப்பு, அதுவரைக்கும் இருக்கட்டுமா?"

இருக்கக் கூடாது. செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியது இதுக்கு இல்ல, அந்த வாரமே போகணும். "வாசலுக்கு வாங்க பெரியம்மா, வீடியோ கால் போடுங்க, கைய வெளிச்சத்துல விரிச்சு காட்டுங்க"ன்னேன். காட்டுனாங்க. மறுநாள் முதல் பஸ்ல இறங்க சொல்லிட்டு, நான் பார்லருக்கு லீவு விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன்.